மீன் தலை தின்ற ரோஜா

ஈப்போவில் ரோஜா வளர்ப்போர் சங்கத்தின் கண்காட்சி. என் மகள் ஒரு பூவை என் மூக்கருகே நீட்டினாள்.

"மோந்து பாருங்கம்மா, என்ன வாசம்லா!"

எனக்கு மீன் நாற்றம்தான் வந்தது.

ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்ததும் எங்கள் ரப்பர் தோட்டத்துத் துரை ஓடிப்போனார். இரண்டு ரகங்களைக் கலந்து அவரே உண்டாக்கிய புது ரோஜா ஒன்று பங்களா வாசலில் நின்றது. அங்கே செடிகளைப் பார்த்துக்கொண்டவர் என் அப்பா. துரை சொல்லிவிட்டுப் போனபடியே, கிடைக்கிற மீன் தலைகளை அதன் வேரில் புதைப்பார்.

"பச்சப் பிள்ளைக்குச் சாறு வச்சுக் குடுக்கலாம். செடிக்கா போடுறீங்க?" என்று அம்மா கத்துவாள்.

"தொரை வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

கைக்குழந்தையாயிருந்த தம்பி பசியில் வயிறு உப்பிச் செத்தான். அவனைப் புதைத்துவிட்டு வந்த கையோடு அம்மா அந்த ரோஜாவைப் பிடுங்கி எறிந்து மரவள்ளி நட்டாள். மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தவரே அப்பாதான். அத்தனை மீனையும் தின்ற மண்ணில் கிழங்கு தொடை பருமனுக்கு விளைந்தது. அதைத் தின்றுதான் நான் பிழைத்தேன்.

சண்டை முடிந்து திரும்பிய துரை நேராகச் செடி நின்ற இடத்துக்குப் போனார். எங்களில் யார் மிச்சம் என்று கேட்கவில்லை. அப்பாவுக்கு அன்றே வேலை போயிற்று.

மகள் சுவரில் இருந்த பலகையை வாசித்தாள். "சண்டைக்கு முன்னாடி ஒரு தொரை உண்டாக்குன ரோஜாவாம்மா. ஜப்பான் காலத்துல அழிஞ்சு போச்சாம். பாவம்லா."

"யாரு?" என்றேன்.