கதவு திறக்கிற வரைக்கும்

சோமாலியாவின் கடலோர ஊரான எங்கள் ஹோப்யோவில் யாருக்கும் வெறும் பெயர் நிலைப்பதில்லை. கால் தாங்கி நடந்தால் நொண்டி, காது சின்னதாக இருந்தால் எலிக்காது என்று மூஞ்சிக்கு நேராகவே வைத்துவிடுவார்கள். கூப்பிடுகிறவனுக்கும் கூச்சமில்லை, திரும்பிப் பார்க்கிறவனுக்கும் கோபமில்லை. அவாலேக்கு ஊர் வைத்த பெயர் மண்வாரி. பதினோரு வருஷமாக, விடியற்காலைத் தொழுகை முடிந்து ஒரு குவளை தேநீர் குடித்ததும், வீட்டு வாசலில் குவிந்த மணலை வாரிக் கடல் பக்கம் கொட்டுவதுதான் அவருடைய முதல் வேலை. மறுநாள் காலையில் அதே மணல் திரும்ப வந்திருக்கும்.

அந்தத் தெருவில் ஒரு காலத்தில் பன்னிரண்டு வீடுகள். பதினொன்று மணலுக்குள் போய்விட்டன. மேட்டின்மேல் நடந்தால் சில இடங்களில் காலுக்கடியில் தகரம் முனகும், அது யாருடையதாவது கூரையாக இருக்கும். அவாலேக்குப் பெயர் சொல்லத் தெரியும். இங்கே தையல்காரர், இங்கே இரட்டைப் பிள்ளைக்காரி, இங்கே வலை பின்னுகிறவர். மிச்சமிருந்த ஒரே வீடு அவருடையது.

ஆறு வருஷத்துக்கு முன் சமையலறைச் சுவர் மணல் பாரம் தாங்காமல் சரிந்த அன்று மனைவி அம்பரோ, போதும் என்று சொல்லிவிட்டாள். மகள் உபஹையும் இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு நைரோபியில் இருக்கும் தம்பி வீட்டுக்குக் கிளம்பினாள். அவாலே வர மறுத்தார். லாரி புறப்படுவதற்கு முன் இருவருக்கும் ஒரு ஒப்பந்தம் ஆனது.

"இந்தக் கதவு திறக்கற வரைக்கும் இருக்கேன். திறக்காத அன்னிக்குப் பூட்டிட்டு வந்துர்றேன்" என்றார் அவர்.

"வார்த்தை மாற மாட்டியே?"

"மாற மாட்டேன்."

அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுகை முடிந்து அவர் வீடு திரும்பும் நேரத்துக்கு போன் வரும். நலம் விசாரிப்பதற்கு முன் அம்பரோ கேட்கிற முதல் கேள்வி, கதவு திறக்குதா என்பது. திறக்குது என்று அவர் சொல்வார். அதற்குப் பிறகுதான் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு.

மனுஷன் பிடிவாதக்காரர், ஆனால் பைத்தியமில்லை. பத்து வயதில் அப்பாவின் உத்தியோகத்துக்காக மெர்காவில் இருந்தபோது, தெற்கே ஊர்களை விழுங்க வந்த மணல்மேடுகளை ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க் கள்ளி நட்டு நிறுத்தியதை அவர் பார்த்திருக்கிறார். அவரும் நட்டார். கூலி கிடையாது, பாட்டு உண்டு. அந்த மணல் நின்றது. நம்மால் முடியாதென்று எவனாவது டீக்கடையில் ஆரம்பித்தால், "முடிஞ்சத நான் பாத்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். வீட்டுக்கு வடக்கே நாலு வரிசை சப்பாத்திக் கள்ளி நட்டிருந்தார். இரண்டு வரிசை மூழ்கிவிட்டது. மூன்றாவது நின்றது. நாலாவது காய்த்தது.

இந்த ஊரில் ஓடுகிற வண்டிகளை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அவாலே தன் ஆயுளில் வானத்துக்கு விட்ட புகை அடுப்புப் புகைதான். கரிக்காக எங்கள் ஆட்களும் மரத்தை வெட்டித் தள்ளினார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வருஷக்கணக்காக மழையே வழி மறந்து போனதற்கு இந்த ஊர் அடுப்பா காரணம்? எங்கோ எண்ணெயும் நிலக்கரியும் சொகுசாக எரித்தவர்கள் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரம், எங்களுக்கு மணல்.

போன வருஷம் ஒரு வெளிநாட்டுப் படக்காரன் வந்தான். காலி டின் ஒன்றைக் கொடுத்து, இதைப் பிடித்துக்கொண்டு தூரத்தைப் பாருங்கள் என்றான். அவாலே டின்னைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நாட்டுக் கொடியின் நீலம். கள்ளிக்குப் பக்கத்தில் மண்வாரியை ஊன்றி நிமிர்ந்து நின்றார்.

"எடுக்கறதுன்னா இப்படி எடுக்கச் சொல்லு. பாவமா நிக்க எனக்கு வராது" என்று கூட வந்த மொழிபெயர்ப்பாளனிடம் சொன்னார்.

அந்தப் படம் எங்கெங்கோ சுற்றி, இந்த வருஷம் ஐரோப்பாவில் ஒரு பெரிய பருவநிலை மாநாட்டிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. மேடையில் பத்து நிமிஷம் பேச வேண்டுமாம். 'பாதிக்கப்பட்டவர்' என்று அவர் பெயருக்குக் கீழே போட்டிருந்தார்கள். 'கள்ளி நடுகிறவர்' என்று மாற்றச் சொல்லி உபஹை விட்டுப் பதில் எழுதவைத்தார். விசாவுக்கு நைரோபி போக வேண்டியிருந்தது. பக்கத்துத் தெரு ரோப்லேயிடம் மண்வாரியைக் கொடுத்தார்.

"நான் வர்ற வரைக்கும் வாசலப் பாத்துக்க."

"போயிட்டு வாண்ணே. மணல் எங்க ஓடிரப் போகுது?" என்றான் ரோப்லே.

நைரோபியில் அம்பரோ மூன்றாவது மாடியில் இருந்தாள். படிக்கட்டில் ஒரு துளி மணல் கிடையாது. முதல் நாள் லஹோஹ் தோசையும் ஆட்டீரலும் வைத்துக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அந்த மணல் என்ன, உனக்கு ரெண்டாம் பொண்டாட்டியா? நெசமாவே ரெண்டாம் பொண்டாட்டியா இருந்தாக்கூட முறை வச்சு என்கிட்டயும் அனுப்பிருப்பா."

பையன்கள் சிரித்தார்கள். அவாலேயும் சிரித்தார். அதற்கப்புறம் அவள் சிரிக்காமல், "இங்கயே இருந்துரேன், அவாலே" என்றாள். அவர் ஈரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருக்க ஆசைதான். பையன்களுக்கு மீசை அரும்பியதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தூதரகத்தில் கண்ணாடிக்கு அந்தப்புறம் ஒரு அதிகாரி. இந்தப்புறம் மொழிபெயர்க்க ஒரு சோமாலிப் பெண்.

"பொண்டாட்டி புள்ளைங்க எங்க இருக்காங்கன்னு கேக்கறாங்க, சித்தப்பா."

"இங்க, நைரோபியில."

"அப்போ ஊர்ல யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்."

"உங்களத் தவிர?"

யோசித்துப் பார்த்துவிட்டு, "கள்ளி இருக்கு" என்றார். அந்தப் பெண் அதை மொழிபெயர்க்கவில்லை. திரும்பிப் போயே ஆக வேண்டிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். மூன்று வாரம் விட்டால் மணல் ஜன்னலுக்கு வந்துவிடும் என்றார் அவாலே. இதை அவள் மொழிபெயர்த்தாள். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே தட்டச்சு செய்தார். காற்றுக்காலம் அது. ஊரில் என்ன ஆகியிருக்குமென்ற நினைப்பில் அவாலேக்கு அந்த நாற்காலியிலேயே உட்கார முடியவில்லை.

பதில் வரப் பத்தொன்பது நாள் ஆனது. உபஹ் படித்துச் சொன்னாள். பயணம் முடிந்ததும் நீங்கள் உங்கள் நாட்டுக்குத் திரும்புவீர்கள் என்று எங்களுக்கு நம்பிக்கை ஏற்படவில்லை.

"இன்னொரு தடவ படி" என்றார். அவள் படித்தாள். ஊரே காலியாகும்போது தனியாளாக நின்றவரைப் பார்த்து, நீ ஓடிவிடுவாய் என்று எழுதியிருந்தார்கள். அவமானத்தில் காது சுட்டது. மறுநாள் விமானத்தில் கால்கயோவுக்குக் கிளம்பிவிட்டார். அம்பரோ தடுக்கவில்லை. வாசல் வரை வந்து, "வெள்ளிக்கிழமை கூப்பிடறேன்" என்று மட்டும் சொன்னாள்.

கால்கயோவிலிருந்து லாரியில் வந்து இறங்கியது வியாழக்கிழமை மத்தியானம். மூன்றாவது வரிசைக் கள்ளியும் தெரியவில்லை. வடக்குச் சுவரில் மணல் ஜன்னல் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே நின்றிருந்தது. வீட்டுக்கு முன்னால் வந்தவர் அப்படியே நின்றார். கதவு இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. கதவைக் காணவில்லை. மணல் உள்ளே நடந்து போய்ப் பாயின்மேல் முழங்கால் உயரத்துக்கு உட்கார்ந்திருந்தது.

திருட்டில்லை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எங்கள் ஊர் வழக்கம் அது. ஒரு குடும்பம் ஒரேயடியாகப் போய்விட்டால், மணல் தின்பதற்கு முன் அக்கம்பக்கத்தார் கதவைக் கழற்றி எடுத்துக்கொள்வார்கள். நல்ல மரம் வீணாகக் கூடாது. இரட்டைப் பிள்ளைக்காரி போனபோது அவள் கதவைக் கழற்றியதே அவாலேதான். போனவர்களுடைய கதவைத்தான் கழற்றுவது. ஊர் அவரைப் போனவர் கணக்கில் சேர்த்துவிட்டது.

ரோப்லே அவரைக் கண்டதும் பேயைக் கண்ட மாதிரி எழுந்தான்.

"அண்ணே, நீ ஐரோப்பா போயிட்டன்னுல்ல சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுச்சு. ஒரு வாரம் வாசல வாரினேன், பொய் சொல்லல. அப்புறம் விசா வந்துருச்சுன்னு கேள்விப்பட்டோம். விசா கிடைச்சவன் ஹோப்யோவுக்குத் திரும்புவான்னு யாருண்ணே நம்புவா?"

கண்ணாடிக்கு அந்தப்புறத்து ஆள் நம்பாதது வேறு. கூடப் பிறக்காத குறையாக இருந்தவன் வாயிலிருந்தும் அதே வார்த்தை வந்தது. அவருக்கு அப்போது இந்த உலகத்தில் ஒருத்தரும் இல்லை என்றுதான் தோன்றியது.

"கதவு எங்க?"

ரோப்லே தலையைச் சொறிந்தான். போன வாரம் அவன் மகள் திமிரோவுக்குக் கல்யாணம். கதவு அவளுடைய அறைக்கு மாட்டியாகிவிட்டது.

"புது மாப்பிள்ளைண்ணே. கதவில்லாம எப்படி?"

உள்ளேயிருந்து திமிரோவே வந்தாள். கையில் மருதாணி இன்னும் மங்கவில்லை. "எடுத்துட்டுப் போங்க பெரியப்பா. நான் துணி கட்டிக்கறேன்" என்றாள். மாப்பிள்ளை முகம் போன போக்கைப் பார்த்து ரோப்லே சிரிப்பை அடக்கினான். அந்த மாப்பிள்ளைதான் கதவின் ஒரு முனையைச் சுமந்துகொண்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் அவாலே, ரோப்லே, மாப்பிள்ளை மூன்று பேரும் சேர்ந்து உள்ளே கிடந்த மணலை வாரி வெளியேற்றினார்கள். வாசலுக்கு வெளியே முழங்கால் உயரத்துக்கு இறுகிப் போய்க் கிடந்ததை அசைக்க முடியவில்லை. வாரிய இடத்தை அவர்கள் கண்ணெதிரே காற்று நிரப்பியது. அந்தக் கதவு எப்போதும் வெளிப்பக்கம் திறக்கிற கதவு.

"வெளிய திறக்காதுண்ணே" என்றான் ரோப்லே. "ஒத்த ஆளு தள்ளற மணலா இது?"

"கீலை மாத்து. உள்பக்கம் திறக்கட்டும்."

ரோப்லே அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாற்றினான். கதவு உள்பக்கம் திறந்தது. அவர்கள் போனபின் அவாலே அதை நாலைந்து தடவை திறந்து மூடிப் பார்த்தார்.

தொழுகை முடிந்து வந்தபோது போன் அடித்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அம்பரோ வேறு எதிலிருந்தோ ஆரம்பித்தாள்.

"மாநாட்டுல உன் படத்த சுவர் பெருசுக்குப் போட்டிருந்தாங்களாம். உபஹ் போன்ல காட்டினா. யாரோ ஒரு வெள்ளக்காரர் உனக்குப் பதிலா பேசினார். எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க."

"பேரு போட்டிருந்தாங்களா?"

"சோமாலியாவில் ஒரு மனிதர்னு போட்டிருந்துச்சு."

அவர் நீலச் சட்டையைப் பற்றிக் கேட்க நினைத்தார், கேட்கவில்லை.

"கதவு திறக்குதா?" என்றாள் அம்பரோ.

"திறக்குது."

அவள் உடனே பிள்ளைகளைப் பற்றிப் பேச ஆரம்பிக்கவில்லை. இருபத்தேழு வருஷம் கூட வாழ்ந்தவள்.

"எந்தப் பக்கம்?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளால் வந்து பார்க்க முடியாது. அவர் கீலைப் பார்த்தார், பழைய ஆணி இருந்த ஓட்டைகளைப் பார்த்தார்.

"உள்பக்கம்" என்றார்.

வார்த்தை மாறிவிட்டாயே என்று அவள் கேட்பாள் என்று காத்திருந்தார். அவள் கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, அடுத்த வெள்ளிக்கிழமை கூப்பிடறேன்" என்றாள். அவர் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வைத்துவிட்டாள். வா என்று அவள் சொல்லவில்லை. இனி சொல்ல மாட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது. விசா மறுத்தபோது வராத அழுகை அப்போது வந்தது. துடைக்க அவசரமில்லை, பார்க்க அங்கே யாருமில்லை.

மறுநாள் காலையில் தேநீர் குடித்துவிட்டுக் கதவை இழுத்தார். கதவின்மேல் சாய்ந்திருந்த மணல் அதன் கூடவே வீட்டுக்குள் சரிந்து வந்து அவர் பாதத்தை மூடியது. மண்வாரியை எடுத்து உள்ளேயிருந்து வெளியே வார ஆரம்பித்தார்.