திருப்பலாம், திருப்ப வேண்டும்

மொட்டை மாடியில் முன்னும் பின்னும் நடந்தபடி அக்கா படகு விதிகளை மனப்பாடம் செய்த மாலைகள்தான் இன்றும் முதலில் நினைவுக்கு வருகின்றன. அப்போது நாங்கள் செகந்திராபாத்தில் இருந்தோம். கல்லூரியில் படித்துக்கொண்டே ஹுசேன் சாகரில் பாய்ப்படகு ஓட்டினாள் அவள். எதிர்வீட்டு அத்தையின் ஒரே மகன் அதே படகில் அவளுக்குத் துணையாகப் பாய்க்கயிறு பிடிப்பான். உறவில்லை என்றாலும் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். எஞ்சின் படகு வந்தால் அதுதான் விலக வேண்டும்; பாய்ப்படகு திசை மாறாமல் போக வேண்டும், அதை நம்பித்தான் எதிரே வருபவர் திருப்புவார் என்று எனக்கு விளக்குவாள். "அவன் விலக மாட்டான்னு தெரிஞ்சா நாம திருப்பலாம். இடிச்சுடும்னு ஆயிட்டா திருப்பியே ஆகணும்" என்பாள். அந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அன்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

காற்று பலமாக அடித்த ஒரு பிற்பகலில் பயணிகளை ஏற்றிய எஞ்சின் படகு ஒன்று நேராக அவர்களை நோக்கி வந்தது. ஓட்டியவர் பின்னால் திரும்பி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாராம். அக்கா திசை மாற்றாமல் போனாள். இருவரும் கத்திப் பார்த்தார்கள். கடைசியில் அவள் திருப்பியபோது, அத்தை மகன் உட்கார்ந்திருந்த பக்கத்தில் அந்தப் படகு மோதிவிட்டது. அவனை உயிரோடு மீட்க முடியவில்லை.

விசாரணையில் அக்கா மீது தவறில்லை என்று முடிவானது. காரியங்கள் முடிந்து சில நாள் கழித்து அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அது விலகாதுன்னு உனக்கு எப்போம்மா தெரிஞ்சுது?"

"கொஞ்சம் முன்னாடியே தெரிஞ்சுது அத்தை."

"அப்பவே திருப்பியிருக்கலாமா?"

"திருப்பியிருக்கலாம்."

அத்தை எழுந்து போனார். எதிர்வீட்டுக் கதவு அதன்பிறகு எங்களுக்குத் திறக்கவில்லை. அம்மாதான் அழுது தீர்த்தாள். "விசாரணையிலயே யாரும் கேக்கலையே, எதுக்குடி சொன்னே?" என்றாள். "அத்தை கேட்டாங்களே" என்றாள் அக்கா.

அவள் இப்போது மாதாப்பூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறாள். அதற்குப் பின் எந்தப் படகிலும் ஏறவில்லை. சென்ற வருடம், நாச்சாரத்தில் தங்கை வீட்டோடு போய்விட்ட அத்தை அவளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். நானும் உடன் போனேன். கட்டிலில் ஒடுங்கிக் கிடந்தவர் பக்கத்தில் அக்கா தரையில் உட்கார்ந்தாள். அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு நீ தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்டி. நான் நம்பியிருப்பேன்."

"நம்பியிருப்பீங்க அத்தை" என்றாள் அக்கா. கொண்டுவந்து வைத்த டீ ஆறி ஏடு கட்டியது. அத்தை கையை விடவில்லை.