கத்தி படாத கழுத்து

என் தங்கையின் கணவர் மின்துறையில் லைன்மேன். கர்த்தர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பதை முன்கூட்டியே ஊருக்கு அறிவிக்கும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் எங்களோடு மாதா கோயிலுக்கு வந்து, பிரசங்க நேரத்தில் கடைசி பெஞ்சில் தூங்கியவர்தான். பிறகு கோட்டுச்சேரியில் ஓர் உரக்கடை மாடியில் சபை ஒன்று வந்தது. அங்கே போகத் தொடங்கி ஆறே மாதத்தில் சந்தேகம் என்பதே அவரை விட்டுப் போய்விட்டது. மழை வருமா என்று கேட்டால்கூட, "வராது, சொல்லிட்டார்" என்பார். வந்து நனைத்துவிட்டால் அது நம்முடைய அவிசுவாசத்தால் பெய்த மழை.

எனக்குத் தைராய்டில் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்த வாரம், தங்கையையும் கூட்டிக்கொண்டு காரைக்காலில் என் வீட்டுக்கு வந்தார். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள், பள்ளிக்கூட டீச்சர், தனியாக இருப்பவள். ஆகவே என் உடம்பைப் பற்றி முடிவெடுக்கும் பொறுப்பு தன் தலையில் விழுந்திருப்பதாக அவருக்கு ஓர் எண்ணம்.

"ஆபரேஷன் வேணாங்க்கா. கர்த்தர் எனக்கு வாக்கு கொடுத்துட்டார். இந்த எண்ணெயைத் தடவுங்க, கரைஞ்சிடும்."

"கட்டி எனக்கு. வாக்கு உங்களுக்கா?"

"விசுவாசத்துல கேள்வி கேக்கக் கூடாதுக்கா."

சின்ன பாட்டிலில் தேங்காய் எண்ணெய். பாஸ்டர் ஜெபித்துக் கொடுத்ததாம். அன்று சாயங்காலமே கொல்லைக்கதவின் கீல்களுக்கு விட்டேன். கிறீச்சிடுவது நின்றது.

புதுச்சேரியில் ஆபரேஷன் நடந்தது. செய்தவர் எங்கள் காரைக்கால் பக்கத்து டாக்டரம்மா, தலையில் முக்காடு போட்டவர். அதற்கு முதல் நாள் படுக்கைக்கு அருகில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லபடியா முடியும் டீச்சர், இன்ஷா அல்லாஹ். நீங்களும் உங்க சாமிகிட்ட சொல்லிக்குங்க" என்றார். சொல்லிக்கொண்டேன். ஆபரேஷன் மேசையில் படுக்கவைத்தபோது பயமாகத்தான் இருந்தது. குணமாகும் என்று யாரும் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கவில்லை. ஆனாலும் ஆண்டவர் அங்கே இருக்கிறார் என்பதில் எனக்குக் கடுகளவும் ஐயமில்லை. பிழைத்தாலும் இருப்பார், பிழைக்காவிட்டாலும் இருப்பார். நான் விசுவாசம் என்று சொல்வது இதைத்தான். இதற்கு மைக் தேவைப்படுவதில்லை.

புற்று இல்லை என்று முடிவு வந்தது. தங்கை மட்டும் வந்து மூன்று நாள் உடனிருந்தாள். அவர் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு வருவது அவிசுவாசமாம்.

இரண்டு மாதம் கழித்துத் தங்கை போன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை எங்க சபைக்கு ஒரு தடவை வாயேன்க்கா. அவுங்க ரொம்ப ஆசைப்படுறாங்க." அவளுக்காகப் போனேன். உரக்கடையின் நெடி மாடி வரை ஏறியிருந்தது. பாட்டு முடிந்ததும் சாட்சி சொல்ல எழுந்தவர் அவர்தான்.

"என் மனைவியோட அக்காவுக்குக் கழுத்துல இவ்வளவு பெரிய கட்டி!" என்று எலுமிச்சம்பழ அளவுக்கு விரலைக் குவித்துக் காட்டினார். என் கட்டி சுண்டைக்காய்தான். "டாக்டர்கள்லாம் கைவிட்டாங்க. நான் முழங்கால் போட்டேன். எண்ணெய் பூசினேன். கத்தி படாம, ஒரு சொட்டு ரத்தம் சிந்தாம, கட்டியைக் காணோம்!"

அல்லேலூயா என்று கூரை அதிர்ந்தது. கழுத்தைச் சுற்றி முந்தானையைப் போர்த்தியபடி நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா ஒரு வாக்கியத்தில் காணாமல் போயிருந்தார்.

"அந்தச் சகோதரி முன்னாடி வரட்டும்!" என்றார் பாஸ்டர்.

போனேன். முந்தானையை இறக்கினேன். கழுத்தின் குறுக்கே தழும்பு இன்னும் சிவந்து தடித்திருந்தது. மைக்கை வாங்கி, "இது கத்தி பட்ட இடம். அறுத்தது ஒரு டாக்டரம்மா. அவங்களுக்காக நான் தினமும் ஜெபிக்கிறேன். நீங்களும் ஜெபிங்க" என்றேன்.

தங்கையின் கணவர் குனிந்து வேதாகமத்தைப் புரட்டத் தொடங்கினார். அது எனக்கு ருசித்தது என்பதை மறைக்கப்போவதில்லை. பாஸ்டர் மைக்கைப் பறிக்காத குறையாக வாங்கி, "கர்த்தர் டாக்டரோட கையைப் பயன்படுத்தினார்! அல்லேலூயா!" என்றார். கத்தியே படவில்லை என்பதற்கு எவ்வளவு உரக்கக் கத்தினார்களோ, கத்தி பட்டது என்பதற்கும் அதே கூட்டம் அவ்வளவு உரக்கக் கத்தியது. இவர்களிடம் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லையே, எதைச் சொன்னாலும் போதுமே என்று நினைத்துக்கொண்டேன்.

கீழே, உர மூட்டைகளின் பக்கத்தில் தங்கையின் கணவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்னை அசிங்கப்படுத்திட்டீங்கக்கா. உங்களுக்கு விசுவாசம் இல்ல."

"கம்பத்துல ஏறுறதுக்கு முன்னாடி லைனை ஆஃப் பண்ணச் சொல்லி போன் போடுறீங்களே, யாருக்குப் போடுறீங்க? கர்த்தருக்கா, சப்-ஸ்டேஷனுக்கா?"

பக்கத்தில் நின்ற என் தங்கை சட்டென்று சிரித்துவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் முன்னிலையில் அவர் வாயடைத்து நின்றது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை அவள் தனியாக பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். ஒரு வருஷமாகத் தலைசுற்றல் என்றாள். அவர் எண்ணெய் பூசிக்கொண்டே இருந்திருக்கிறார். பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ், நம்பாமல் இன்னொரு முறை பட்டையைச் சுற்றினார். அன்றே மாத்திரை ஆரம்பித்தாள். வீட்டில் அவர் எதிரிலேயே தண்ணீர் எடுத்து விழுங்கினாளாம். "அவுங்க பேப்பரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க" என்றாள். இப்போது காலையில் அவள் மாத்திரையைக் கையில் எடுக்கும்போது அவர் கண்ணை மூடி அதன்மேல் கை வைத்து ஜெபிக்கிறாராம். மாத்திரை நன்றாக வேலை செய்கிறது. பெயர் யாருக்குப் போகும் என்பது தெரிந்ததுதான்.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது இதையெல்லாம் எங்கள் மாதா கோயில் சாமியாரிடம் சொன்னேன். பொய்யை வெறுக்கலாம், அந்த மனிதரை இளக்காரமாக நினைக்கக் கூடாது என்றார். அவருக்காக ஒரு ஐம்பத்துமூன்று மணி செபமாலை சொல்லச் சொன்னார். முழங்காலில் இருந்து, மாலையில் ஒரு மணிகூட விடாமல் உருட்டிச் சொல்லி முடித்தேன். எழுந்தபோது முழங்கால் வலித்தது. இளக்காரம் அப்படியே இருந்தது. அதையும் ஆண்டவரிடமே சொல்லிவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.