ஜெப்சியின் பெயரில் நுழைந்தவர்கள்

அந்த ஆஸ்பத்திரிக்குக் கதிர்ச் சிகிச்சைக்கு வருகிற யாரையும் ஜெப்சி எண் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கம்ப்யூட்டர் ஒவ்வொருவருக்கும் நீளமாக ஓர் எண்ணைக் கொடுத்து வைத்திருந்தது. அவள் அதைத் திரையில் பார்த்துக்கொள்வாளே தவிர வாயில் வராது. "வேர்க்கிளம்பி டீச்சர், உள்ள போலாம்." "தங்கப்பண்ணா, வாய்ப்புண்ணு எப்பிடி இருக்கு? கஞ்சியாவது இறங்கிச்சா?" இப்படித்தான் அவள் அழைப்பாள். பயந்துபோய் வருகிறவர்கள் அந்தக் குரலைக் கேட்டதும் கொஞ்சம் தோளைத் தளர்த்துவார்கள்.

மார்த்தாண்டத்தை அடுத்து இருந்தது அந்தத் தனியார் ஆஸ்பத்திரி. புற்றுநோய் என்று தெரிந்ததும் திருவனந்தபுரத்துக்கு அலைந்துகொண்டிருந்த ஜனங்கள், இங்கேயே கதிர் மெஷின் வந்துவிட்டது என்றதும் மலையோரத்திலிருந்தும் கடற்கரையிலிருந்தும் வர ஆரம்பித்தார்கள். ஜெப்சி அதற்கு முன்பே அங்கே சேர்ந்தவள். கருங்கல் பக்கத்துப் பெண். அப்பா ராஜையனுக்கு ஒரு துண்டு மரச்சீனிக் கிழங்குத் தோட்டமும் நாலு தென்னையும்தான். பி.காம் முடித்த கையோடு ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையில் வேலைக்கு வந்தாள். கரையான் தின்ற கட்டுகளைப் பிரித்து, தும்மித் தும்மி, நோயாளிகளின் விவரம் அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றியது அவள்தான். ஏற்றி முடித்ததும் பழைய காகிதங்களை எடைக்குப் போடலாம் என்று நிர்வாகத்துக்கு யோசனை சொன்னதும் அவள்தான். கதிர் மெஷின் வந்ததும் அவளை அந்தக் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். கணவன் ஜெபிஷ் மஸ்கட்டில் எலக்ட்ரீசியன். ஒரே மகள் அஜிஷா பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள ஆன்றோ என்று ஒருவன் இருந்தான். குளச்சல்காரன். இன்னும் சில ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் அவன்தான் ஆள் என்பதால், எப்போது போன் செய்தாலும் பைக்கில் எங்கேயோ போய்க்கொண்டிருப்பான். ஒரு பிரிண்டரை மாற்றிப் பொருத்துவதற்குக்கூட அவனுடைய பாஸ்வேர்ட் வேண்டியிருந்தது. அலுத்துப்போன ஆன்றோ ஒருநாள் அவளிடம் சொன்னான்:

"அக்கா, ஒங்க லாகினுக்கே முழு அனுமதியும் போட்டுத் தந்திருக்கேன். எல்லா மெஷின்லயும் நீங்க கேறலாம். சின்னக் காரியத்துக்கெல்லாம் என்னை விளிக்காண்டாம், கேட்டியளா?"

ஜெப்சிக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து அஜிஷாவிடம்கூடச் சொன்னாள். அவளுடைய பாஸ்வேர்ட் மகளின் பெயரும் பிறந்த வருஷமும். காலையில் கம்ப்யூட்டரைத் திறக்க அதுதான். மெயிலுக்கும் அதுதான். மறக்காது, கை தானாக அடித்துவிடும்.

இன்னொன்றும் இருந்தது. குளச்சலில் வீட்டில் இருந்தபடியே ஆஸ்பத்திரி மெஷின்களைச் சரிசெய்ய வசதியாக, ஆன்றோ வெளியிலிருந்து உள்ளே வர ஒரு வழியைத் திறந்து வைத்திருந்தான். பெயரும் பாஸ்வேர்டும் தெரிந்தவர் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் அந்த வழியாக வரலாம். இது ஜெப்சிக்குத் தெரியாது.

தென்மேற்கு மழை பிடித்திருந்த ஒரு மதியம், காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து வந்தது போலவே ஒரு மெயில் வந்தது. அனுமதி கிடைக்காத நோயாளிகளின் விவரம் இணைப்பில் இருக்கிறது, உடனே பார்க்கவும் என்று போட்டிருந்தது. அவள் பதறிப்போய்த் திறந்தாள். திரை ஒரு தடவை மின்னிவிட்டு, தினமும் காலையில் கேட்பது போலவே பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. அடித்தாள். தவறு என்றது. நிதானமாக மறுபடியும் அடித்தாள். வெறும் வெள்ளைப் பக்கம் வந்து நின்றது. மழையில் நனைந்த குடையோடு ஒரு அம்மா கவுண்டரில் வந்து ஏதோ கேட்கவும், ஜெப்சி அதை மூடிவிட்டு அவரைப் பார்க்கத் திரும்பினாள். பிறகு அந்த மெயிலை அவள் நினைக்கவே இல்லை.

அதன் பிறகு சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. அப்படித்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். உண்மையில் அந்த நாட்களில் அந்த மெயிலில் அவள் அடித்த பாஸ்வேர்டை வைத்து, ஆன்றோ திறந்த வழியாக யாரோ ஜெப்சியாக உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தார்கள். எந்த மெஷினில் என்ன இருக்கிறது, நகல் எடுத்து வைக்கிற பெட்டி எங்கே இருக்கிறது என்று பொறுமையாகப் பார்த்துவைத்தார்கள். அவர்கள் எதையும் உடைக்கவில்லை. முழு அனுமதி உள்ள பெயரோடு வந்தவர்களை எந்த மெஷினும் தடுக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியின் எல்லாத் திரைகளிலும் ஒரே ஆங்கில வாசகம் நின்றது. உங்கள் கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டன, திறக்கப் பணம் வேண்டும், எங்களோடு பேசுங்கள் என்று. ஜெப்சி மெஷினை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். ஆன்றோ ஓடி வந்தான். நகல் பெட்டியைத் திறந்து பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. அந்தப் பெட்டியை எப்போதும் மெஷினோடு இணைத்தே வைத்திருந்தான். அதையும் சேர்த்தே பூட்டியிருந்தார்கள்.

அன்றைக்குக் கதிருக்கு வந்தவர்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். திற்பரப்பிலிருந்து ரப்பர் பால்வெட்டுகிற தங்கப்பன் வழக்கம்போல் மகள் நந்தனாவோடு முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டார். அவருக்குக் கன்னத்தின் உள்பக்கம் புற்று. சிகிச்சை பாதியைத் தாண்டியிருந்தது. வீக்கம் வற்றத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு திரும்பி வந்துகொண்டிருந்த நேரம். கதிர் விடும்போது அசையாமல் இருக்க அவர் முகத்துக்கு அளவெடுத்து வார்த்த வலைமூடி பேரெழுதி அலமாரியில் இருந்தது. ஆனால் கதிரை எந்தக் கோணத்தில் விட வேண்டும், இதுவரை எவ்வளவு போயிருக்கிறது, இன்னும் எவ்வளவு மீதி என்பதெல்லாம் பூட்டிய கம்ப்யூட்டருக்குள் கிடந்தது.

"ஒரு உத்தேசமா விட முடியாதா டாக்டர்?" என்று நந்தனா கேட்டாள்.

"முடியாதும்மா. கொஞ்சம் மாறினாக்கூட தண்டுவடம் போயிரும்" என்றார் கதிர்ச் சிகிச்சை டாக்டர்.

நந்தனா கவுண்டருக்கு வந்தாள். "அக்கா, ஒரு பேப்பர்லகூட எழுதி வச்சிருக்க மாட்டியளா?"

பழைய பேப்பரை எடைக்குப் போடலாம் என்று சொன்னவள் ஜெப்சி.

நாளைக்குச் சரியாகிவிடும், நாளன்றைக்குச் சரியாகிவிடும் என்று நிர்வாகம் சொல்லிக்கொண்டே இருந்தது. தங்கப்பன் தினமும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார். பிறகு, வருகிறவர்களைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவானது. அங்கே போனால் முதலிலிருந்து ஸ்கேன், புதிய கணக்கு, நீண்ட வரிசை. கிளம்புகிற அன்று தங்கப்பன் ஜெப்சியைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "போயிட்டு வாறேன் மக்கா" என்றார். அவருடைய கன்னம் மறுபடியும் உப்பியிருந்ததை அவள் பார்த்தாள்.

விசாரிப்பதற்குக் கொச்சியிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் நிபுணர் வந்தார். இளைஞர், மரியாதையாகப் பேசினார். நாகர்கோவிலிலிருந்து சைபர் போலீஸும் வந்திருந்தார்கள். ஒரு மெஷினின் பதிவை மட்டும் எப்படியோ மீட்டு, ஜெப்சியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். வரி வரியாக நள்ளிரவு நேரமும் அவள் பெயரும். ஜெப்சி உள்ளே வந்தாள். ஜெப்சி நகல் பெட்டியைத் திறந்தாள். ஜெப்சி பாதுகாப்பு மென்பொருளை நிறுத்தினாள்.

"இந்த நேரத்துல நான் வீட்ல ஒறங்கிட்டு இருந்தேன் சார்."

"இருந்திருப்பீங்க மேடம். ஆனா மெஷினுக்கு நீங்கதான் வந்தீங்க" என்றார் கொச்சிக்காரர்.

அப்போதுதான் அந்த மெயில் அவளுக்கு ஞாபகம் வந்தது. அதைச் சொன்னாள். தன் லாகினுக்கு முழு அனுமதியும் ஆன்றோதான் தந்தான் என்பதையும் சொன்னாள். ஆன்றோ மேஜையைப் பார்த்துக்கொண்டே, "நான் அப்பிடித் தன்னால ஒண்ணும் குடுக்கல்ல. வேணும்னு அவியதான் கேட்டாவ" என்றான். அவள் அவனையே பார்த்தாள். அவன் நிமிரவே இல்லை. போலீஸ்காரர் ஒருவர், கணவர் வெளிநாட்டில் யாரோடு பழக்கம், போனில் யார் யாரோடு பேசுவாய் என்றெல்லாம் கேட்டார். பாஸ்வேர்ட் என்ன என்று கேட்டபோது அவள் குரலைத் தாழ்த்தி மகளின் பெயரைச் சொன்னாள். சொன்னதும் அவர் அதை எழுதிக்கொண்டார்.

அன்று மாலை அஜிஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "எம் பேரையா வச்சிருந்தீங்கம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அந்தப் பெண் உள்ளே போய்விட்டாள்.

ஜெப்சியை யாரும் வேலையை விட்டு நீக்கவில்லை. கொஞ்சநாள் வீட்டில் இருங்கள், கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடவில்லை. ஆன்றோ துபாயில் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டாள். சர்ச்சில் ஆராதனை முடிந்து வெளியே வந்தால், பேசிக்கொண்டிருக்கிற பெண்கள் பேச்சை மாற்றுவது தெரிந்தது. ஆஸ்பத்திரியை விற்றுத் தின்றவள் என்று ஒருத்தி சொன்னதாக அவள் காதுக்கே வந்தது. அதற்குக்கூட அவளுக்குக் கோபம் வரவில்லை. மரச்சீனிக்குச் சாம்பல் போட்டுக்கொண்டிருந்த ராஜையனிடம் போய், "நான் ஒண்ணும் விக்கல்லப்பா" என்றாள். "எனக்குத் தெரியாதா மக்கா" என்றார் அவர்.

மழை விட்டுப் பனி தொடங்கிய சமயம், பழைய ஆஸ்பத்திரித் தோழி, நர்ஸ் செல்லக்கனி போன் செய்தாள்.

"ஏட்டி, தங்கப்பண்ணன் போயிட்டாரு. கழுத்துக்கு எறங்கியிருந்திச்சாம்."

ஜெப்சி போனை வைத்துவிட்டுக் கதிர் டாக்டரின் நம்பரை எடுத்தாள். அவர் எடுப்பார் என்று அவள் நினைக்கவில்லை. எடுத்தார்.

"இடையில நிண்ணு போனதுனாலதானா டாக்டர்?"

"இந்த நோயில இடைவெளி விழுறது நல்லதில்ல ஜெப்சி. ஆனா அதனாலதான்னு யாராலும் சொல்ல முடியாது."

"அப்பம் அது இல்லேன்னு சொல்ல முடியுமா?"

"அதையும் சொல்ல முடியாது."

அந்த வார்த்தைதான் அவளைப் படுத்தியது. ஆம் என்றிருந்தால் ஒருமாதிரி அழுது தீர்த்திருப்பாள். இல்லை என்றிருந்தால் மண்டியிட்டுக் கர்த்தருக்கு நன்றி சொல்லியிருப்பாள். இப்போது இரண்டுக்கும் வழியில்லை. மஸ்கட்டிலிருந்து ஜெபிஷ் போனில் கத்தினான்: "களவாண்டவன் எவனோ. நீ எதுக்குச் சோறு திங்காம கெடக்கிய?"

"எம் பேரிலதானே கேறினான்" என்றாள் அவள்.

ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் குலசேகரம் பஸ் பிடித்துத் திற்பரப்புக்குப் போனாள். அருவியில் குளிக்கப் போகிற கூட்டம் துண்டும் எண்ணெய்க் குப்பியுமாக பஸ்ஸை நிறைத்திருந்தது. சிரிப்பும் பாட்டுமாக வந்தார்கள். ரப்பர்த் தோட்டத்தின் ஓரத்தில் ஓட்டு வீடு. சுவரில் நெற்றியில் வெள்ளை நாமத்தோடு தங்கப்பனின் படம், நோய் வருவதற்கு முன்னால் எடுத்தது. அந்த முகம் ஜெப்சிக்குப் புதிதாக இருந்தது.

நந்தனா நாற்காலியை இழுத்துப் போட்டு, பாலில்லாத கட்டன்சாயா கொண்டுவந்து வைத்தாள். ஜெப்சி சாயாவைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். மெயிலை, திரை கேட்டதை, இரண்டு தடவை அடித்ததை, தன் பெயரில் அவர்கள் நடமாடியதை.

"இதை இப்பம் எதுக்கு எங்கிட்ட சொல்லுதிய அக்கா?" என்றாள் நந்தனா கடைசியில். "ஒங்களுக்கு மனசு லேசாவணும்னா?"

அதற்காகத்தான் வந்திருக்கிறாள் என்று அப்போதுதான் ஜெப்சிக்கே தெரிந்தது.

"திருவனந்தபுரத்துல அப்பாவுக்கு யாரையும் தெரியாது. நம்பர் சொல்லித்தான் விளிப்பாவ. அவருக்கு மலையாளத்துல நம்பர் ஒழுங்காத் தெரியாது. ரெண்டு தடவை எங்க முறையை விட்டுட்டோம். 'மார்த்தாண்டத்துக்குக் கொண்டு போ, அந்தப் பிள்ளை இருந்தா எல்லாம் செரியாவும்'னு கடேசிவரை சொல்லிட்டிருந்தாரு." நந்தனா எழுந்து சாயா டம்ளரை எடுத்துக்கொண்டாள். "ஆறிப்போச்சு. வேற போடவா?"

"வேண்டாம் மக்கா."

"இனி வராதீங்கக்கா. ஒங்களைப் பாத்தா அப்பா அங்க உக்காந்திருந்ததுதான் ஞாவகம் வருது."

திரும்புகிற பஸ்ஸிலும் குளித்த கூட்டம்தான். ஈரத்தலையோடு ஒரு குழந்தை அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டது. அதன் தாய் மன்னிப்புக் கேட்பது போலச் சிரித்தாள். இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்த ஜெப்சிக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இப்போது அவள் நாகர்கோவில் வடசேரியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிறாள். படித்த பெண் என்று அறிந்த முதலாளி, பில் போடுகிற கம்ப்யூட்டரில் உட்காரச் சொன்னார். காரணம் கேட்காதீங்க சார் என்று சொல்லி மறுத்துவிட்டாள். ஆஸ்பத்திரி பழையபடி நடக்கிறது. புதிய மெஷின்கள், புதிய ஆட்கள். வழக்கு மட்டும் முடியவில்லை. அவ்வப்போது கையெழுத்துக்காக அவளைக் கூப்பிடுவார்கள். கடையில் அனுமதி வாங்கிக்கொண்டு போவாள். போட்டுவிட்டு ஒவ்வொரு தடவையும் ஒன்றையே கேட்பாள்.

"ஆளு யாருன்னு தெரிஞ்சுதா சார்?"

"எந்த நாடுன்னே தெரியலம்மா" என்பார் அந்தப் போலீஸ்காரர். இப்போதெல்லாம் அவர் அவளிடம் அன்பாகத்தான் பேசுகிறார்.

தன் பெயரில் நுழைந்த ஆள் ஆணா பெண்ணா, பார்க்க எப்படி, அந்த ஆளுக்கும் பிள்ளைகள் உண்டா என்று அவள் யோசித்துப் பார்ப்பாள். ஒரு முகம் கிடைத்தால் சபிக்கலாம், அல்லது மன்னிக்கவாவது முயன்று பார்க்கலாம். எவ்வளவு முயன்றாலும் அவளுக்கு ஒரு முகமும் தோன்றுவதில்லை. வடசேரி பஸ் வந்ததும் கூட்டத்தோடு ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைக்குத் திரும்பிவிடுகிறாள்.