அயோனாவுக்கு எதிரே ஒரு குண்டான் கடலை

அழகான இடங்கள்மேல் எனக்கு எப்போதுமே நம்பிக்கை கிடையாது. யாரோ ஒருவன் அங்கே நின்று அழகு என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். பின்னால் வருகிறவன் எல்லாம் அதே இடத்தில் நின்று அதையே சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரை முழுக்க அப்படி நின்று சொல்வதற்காகவே ஒதுக்கி வைத்த இடங்கள்தாம். கார் நிறுத்த ஒரு வளைவு, ஒரு பலகை, ஒரு பெஞ்சு, எதிரே கடல். கடலும் சொல்லிவைத்த மாதிரி சாம்பல் பூசிக்கொண்டு வந்து நிற்கும். எங்கள் கெடாக் கரையில், தஞ்சோங் டாவாயில் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கும், நெத்திலி காயும், நாற்றம் நாலு தெருவுக்கு வரும். அங்கே எவனும் பெஞ்சு போட்டதில்லை. அதனாலேயே அது கடல்.

அத்தானுக்கு அழகைப் பார்த்தால் மட்டும் போதாது, அதை ஓட்டவும் வேண்டும்.

அக்காவின் கணவர். அலோர் ஸ்டாரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நாற்காலி தேய உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு லங்காவிக்குப் போய் ஒரு வாரக் கடைசியில் பாய்மரப் படகு ஓட்டப் படித்தார். படித்தார் என்றால், வெயிலில் குந்தியிருந்து கயிற்றைப் பிடித்தார். ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதைச் சட்டம் போட்டுத் திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அன்றிலிருந்து அவர் காற்று வீசுகிறது என்று சொன்னதில்லை. தென்மேற்கு என்பார். சந்தையில் கீரை வாங்கும்போதும் அண்ணாந்து பார்த்துத் தென்மேற்கு என்பார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் ஸ்காட்லாந்தில் ஒரு படகை வாடகைக்குப் பேசிவிட்டார். ஓபன் துறைமுகத்தில் ஏறி, மல் தீவைச் சுற்றிக்கொண்டு, ஒரு வாரம் கடலில். படகோட்ட உள்ளூர்க்காரி ஒருத்தியும் வருவாள்.

"தேதி பாத்தீங்களா?" என்றாள் அக்கா.

"பாத்தேன் லா. அந்த வாரம் வெதர் நல்லாருக்கும்னு போட்டிருந்தான்."

"எங்கம்மா செத்த தேதியப் பாத்தீங்களான்னு கேட்டேன்."

அவர் பார்க்கவில்லை. அம்மாவின் முதல் வருஷத் திதி அந்த வாரத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தது.

எங்கள் பக்கத்து வேதக்காரக் குடும்பங்களில் முதல் வருஷம் என்றால் இப்படி: பூசையில் சாமியார் இறந்தவர் பெயரைச் சத்தமாக வாசிக்க வேண்டும். பூசை முடிந்ததும் வீட்டுக்காரர்கள் கோயில் வாசலில் குண்டானோடு நின்று, வெளியே வருகிற எல்லாருக்கும் தாளித்த கொண்டைக்கடலையும் கேசரியும் கொடுக்க வேண்டும். பாடாங் மேஹா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நாங்கள் வளர்ந்தபோது அதற்காகவே பூசைக்கு வந்தவர்கள் உண்டு. சாமியாரிடம் சொல்லிவைத்தால் நாங்கள் இல்லாவிட்டாலும் பெயரை வாசிப்பார். ஆனால் வாசலில் யார் நிற்பது? அம்மாவுக்கு நாங்கள் இரண்டு பேர்தான்.

அத்தான் வரைபடத்தைத் துழாவி அயோனாவைக் கண்டுபிடித்தார். மல் தீவின் மேற்கு மூலைக்கு எதிரே கிடக்கிற ஒரு துணுக்குத் தீவு. அந்தக் காலத்தில் ஒரு புனிதர் கடல் கடந்து வந்து மடம் கட்டிய இடம். இப்போதும் பெரிய கோயில் இருக்கிறது. "அன்னிக்கு அங்க நிக்கிறோம். ஹோலி ஐலண்டு லா. நம்ம ஊர்ல யாருக்குக் கெடைக்கும்?"

அக்கா ஒப்புக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. "தம்பியும் வரணும். புள்ளைங்க ரெண்டு பேரும் நிக்கணும்."

இப்படித்தான் அழகை வெறுக்கிற நான் அழகைச் சுற்றிப் பார்க்கப் போனேன்.

ஓபனில் மழை. மழை என்று சொன்னால் கெடா மழைக்கு அவமானம். நம் மழை வரும், அடிக்கும், போகும். இது பென்ஷன் வாங்க வந்த கிழவர் மாதிரி அங்கேயே நின்றுகொண்டிருந்தது. இதிலிருந்து தப்பித்து வந்தவர்கள்தாம் எங்கள் தாத்தாக்களைத் தோட்டத்து வெயிலில் வரிசையாக நிற்கவைத்தார்கள் என்று எனக்கு அப்போது பட்டது. துரைமார்களின் கோபத்துக்கு நான் அதுவரை தேடிய காரணங்களில் இதுதான் உருப்படியானது.

படகோட்டி ஒல்லியான பெண், அறுபதை ஒட்டிய வயது. எங்களைப் போலப் பலரை ஏற்றி இறக்கிய சலிப்பு அவள் கண்ணில் நிரந்தரமாகத் தங்கியிருந்தது. அத்தான் கைபேசியில் தம் சான்றிதழின் படத்தைக் காட்டினார். அவள் பார்த்தாள், நல்லது என்றாள், உருளைக்கிழங்குப் பையை அவர் கையில் கொடுத்தாள்.

மல் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஓடும் நீர்ச்சந்தில் போனோம். ஒரு முனையில் கோட்டை. அத்தான் எழுந்து நின்று சலாம் வைக்காத குறை. அடுத்து டோபர்மோரி. துறைமுகத்தை ஒட்டி மஞ்சள், சிவப்பு, நீலம் என்று வீடுகள். சுங்கை பட்டாணி பெயிண்ட் கடையில் கொடுக்கிற கலர் அட்டையை நட்டுவைத்தது போல. கரையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அதைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்டி மாப்ள?" என்றார் அத்தான்.

"ரெண்டாவது கோட் அடிக்கணும் அத்தான்."

"ஒனக்குக் கண்ணு இருக்கு, பாக்கத் தெரியல."

அக்கா இந்த வம்பில் கலந்துகொள்ளவில்லை. அவள் படகோட்டியிடம் ஒரே ஒரு கேள்வி வைத்திருந்தாள், அதைத் தினமும் கேட்டாள்: அயோனாவில் சாமியார் இருப்பாரா? படகோட்டி பொறுமையாகவே சொன்னாள். அங்கே எப்போதும் கத்தோலிக்கச் சாமியார் இருக்கமாட்டார். ஆனால் பிற்பகலில் செபக் கூட்டம் உண்டு. யார் வந்து பெயர் கொடுத்தாலும் வாசிப்பார்கள்.

"பூசை இல்லாட்டிப் போகுது," என்றாள் அக்கா என்னிடம். "பேர வாசிச்சாப் போதும். ஒரு தடவ. அந்தக் கோயிலுக்குள்ள."

அந்த நாளுக்கு முந்திய மாலை மல் தீவின் மேற்கே, பாறைகளுக்கு நடுவில் ஒரு குடாவில் நங்கூரம் போட்டோம். அயோனா அங்கிருந்து அரை நாள் ஓட்டம்கூட இல்லை. காலையில் கிளம்பினால் செபத்துக்குப் போதுமான நேரம் இருக்கிறது என்றாள் படகோட்டி. மத்தியானத்துக்குப் பிறகு காற்று கெடும், அதற்குள் போய்விட வேண்டும் என்றும் சொன்னாள்.

அக்கா விடியும்போதே எழுந்துவிட்டாள். பெட்டியில், கைன் பாத்திக் கைலிக்குள் சுற்றி, ஒரு கரண்டுக் குக்கரைக் கொண்டுவந்திருந்தாள். கடலையும் ரவையும் ஊரிலிருந்து. ராத்திரியே கடலையை ஊறப்போட்டிருந்தாள். கேசரியைப் படகின் சின்ன கேஸ் அடுப்பில் கிண்டினாள், தாளிப்பையும் அதிலேயே முடித்தாள். கடலையைக் குக்கரில் போட்டுப் பிளக்கைச் சுவரில் செருகினாள். அது அளவெடுத்த மாதிரி உள்ளே போனது. போகாமல் என்ன செய்யும்? நம் வீட்டுச் சுவரில் மூன்று கால் பிளக்கை வைத்துவிட்டுப் போனவன் இந்த ஊர்க்காரன்தானே. பிளக் பொருந்தினால் எல்லாம் பொருந்தும் என்று அக்கா நினைத்தாள். எந்த அமெரிக்காக்காரியும் அந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. அவள் பிளக் உள்ளேயே போயிருக்காது.

கரையில் கட்டியிருந்தால் கரையிலிருந்து கரண்டு வரும். நடுத்தண்ணீரில் எல்லாம் பேட்டரிதான். ஒரு கோயில் கூட்டத்துக்கான கடலை அந்தப் பேட்டரியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, மலர வெந்து, விசில் அடித்தது. விளக்கு அணைந்தது.

படகோட்டி எழுந்து வந்து பொத்தானை அழுத்தினாள். நங்கூரச் சங்கிலியைச் சுருட்டுகிற மோட்டார் "டிக்" என்றது. மறுபடி, "டிக்". திரும்பிப் பார்த்தாள். குக்கரைப் பார்த்தாள். தாளித்த வாசம் படகு முழுக்க இருந்தது.

"இன்ஜின் ஓடும், அதற்கு வேறு பேட்டரி," என்றாள். "அதை ஓடவிட்டு இதில் கொஞ்சம் ஏற்றலாம், நேரம் பிடிக்கும். இல்லையென்றால் கையால் இழுக்க வேண்டும்."

"அலாமாக்," என்றார் அத்தான். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "சுசா ஒன்னும் இல்ல லா, ஈஸி. இழுப்போம். மாப்ள, வா."

ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தே தொண்டை தேய்ந்த அக்கா, குக்கரை ஓரமாகத் தள்ளிவிட்டு வந்து சங்கிலியைப் பிடித்தாள்.

நான் எழுதுகிற கவிதைகளில் சங்கிலியை நிறைய உபயோகித்திருக்கிறேன். இனி மாட்டேன். கறுப்புச் சேறு, பனிக்கட்டிக் குளிர், ஒவ்வொரு வளையமும் ஒரு தேங்காய் கனம். இழுத்ததில் பாதியைக் கடல் திரும்ப வாங்கிக்கொண்டது. அத்தான் "ஏலேலோ" என்று பாடிப் பார்த்தார், மூச்சு அடுத்த அடிக்கு வரவில்லை. உள்ளங்கை கிழிந்ததைக் கால்சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டார். நங்கூரம் மேலே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. வெயில் என்று அங்கே எதைச் சொல்கிறார்களோ அது.

அதற்குள் காற்று வந்துவிட்டது. உண்மையாகவே தென்மேற்கு. அத்தான் அதைச் சொல்லவில்லை.

தூண் தூணாக நிற்கிற ஒரு பேர்பெற்ற தீவைத் தாண்டினோம். எல்லாரும் படம் எடுக்கிற இடமாம். நான் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

அயோனா தெரிந்தது. புல், பாறை, நடுவில் பழுப்புக் கல்லில் கோயில், கோபுரம் சதுரமாக. அலை எங்களைத் தூக்கியபோதெல்லாம் தெரிந்தது, இறக்கியபோது மறைந்தது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றாள். படகோட்டி வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துவிட்டுச் சுக்கானைத் திருப்பினாள்.

"அங்கே நங்கூரம் நிற்காது. மல் பக்கம் மறைவான இடம் இருக்கிறது. கரைக்குக் கொண்டுபோய் விடுகிறேன். அங்கிருந்து ஃபெர்ரி, பத்து நிமிஷம். ஓடினால் பிடிக்கலாம்."

ரப்பர்ப் படகில் இறங்கினோம். குண்டான் என் மடியில், கேசரிச் சட்டி அத்தான் மடியில். சதுப்பில் கால் புதையப் புதைய நடந்து, ஃபெர்ரித்துறைக்கு வந்தோம். அங்கே சுற்றுலாப் பேருந்துகள் நின்றன. ஊதா, மஞ்சள் மழைக்கோட்டுகளில் ஒரு கூட்டம். நாலு நாள் கடலில் உருண்டு நாங்கள் வந்து சேர்ந்த இடத்துக்கு, சூடான பேருந்தில் பிஸ்கட் தின்றுகொண்டு வந்திருந்தார்கள்.

ஃபெர்ரி கட்டிக் கிடந்தது. அலை அதிகம், இன்று இனி ஓடாது என்று துறைக்காரன் சொன்னான். சிவந்த முகம், கனத்த தாடி. வருத்தமாகத்தான் சொன்னான்.

எதிரே கோயில். நடுவே ஒரு மைல்கூட இல்லாத தண்ணீர். அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இந்நேரம் வாசிச்சிட்டு இருப்பாங்க," என்றாள். "வேற யாரு பேரையோ."

அத்தான் தொண்டையைச் செருமினார். "நாளைக்குக் காலைல..."

"நாளைக்கு எங்கம்மா சாகல."

அவர் தொப்பியைக் கழற்றினார். என் ஏளனத்துக்கு ஆள் வேண்டும். அந்த நேரத்தில் யாரும் அகப்படவில்லை.

அக்கா சட்டென்று குண்டானைக் குட்டைச் சுவர்மேல் வைத்தாள். சால்வையை எடுத்து முக்காடு போட்டாள். சிலுவை அடையாளம் போட்டு, கோயிலைப் பார்த்து நின்று, இறந்தோருக்கான செபத்தைத் தமிழில், வகுப்பறைக் குரலில் சொன்னாள். அம்மாவின் பெயரைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்தாள். காற்று அதை எங்கள் முகத்திலேயே திருப்பி அடித்தது. மழைக்கோட்டுகள் திரும்பிப் பார்த்தன.

மூடியைத் திறந்தாள். ஒரு கடற்பறவை, வாத்து அளவு இருக்கும், எங்கிருந்தோ இறங்கிக் கேசரியில் ஒரு வாய் அள்ளிக்கொண்டு போனது.

"காக்கா வந்திருச்சு," என்றார் அத்தான், அடக்கமுடியாமல். "நம்ம அத்த ஏத்துக்கிட்டாங்க."

"காக்காவுக்கு வெக்கிறது பக்கத்து வீட்டுக்காரங்க. எங்கம்மா வேதக்காரி!" மறுபடி வந்த பறவையைக் கரண்டியால் ஓங்கி ஒரு போடு போட்டாள். "போடா நாயே!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஒரு கிழவி பணப்பையைத் திறந்துகொண்டு வந்து எவ்வளவு என்று கேட்டாள்.

"விற்பனைக்கு இல்லை," என்றாள் அக்கா ஆங்கிலத்தில். "என் அம்மா. ஒரு வருஷம். சாப்பிடுங்கள்."

துறைக்காரன் தாடியைத் தடவிக்கொண்டு வந்தான். அம்மாவின் பெயர் என்ன என்று மரியாதையாகக் கேட்டான். அக்கா சொன்னாள். அவன் திருப்பிச் சொன்னான். பெயரின் எலும்பு முறிகிற சத்தம் கேட்டது.

"இல்ல. இன்னொரு தரம்."

அவன் சொன்னான். அவள் தலையாட்டினாள், சரியில்லை என்று. மூன்றாவது தடவை ஓரளவு வந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த காகிதக் கிண்ணத்தில் கடலையும் கேசரியும் விழுந்தன. அடுத்தவன் கை நீட்டினான். "முதலில் பெயர்," என்றாள்.

அதுவே சட்டமாகிவிட்டது. மழைக்கோட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. கேசரியில் பசும்பால் உண்டா என்று விசாரித்தவனுக்கும், கடலையைப் படம் பிடித்தவளுக்கும், குளிரில் நடுங்கிய ஜெர்மன் தம்பதிக்கும் பெயரைச் சொல்லாமல் எதுவும் கிடைக்கவில்லை. ஒன்றாம் வகுப்பு மாதிரி நின்று சொன்னார்கள். தப்பாகச் சொன்னவர்கள் வரிசையில் பின்னால் போனார்கள். அத்தானும் கிழிந்த கையை நீட்டிச் சொல்லிவிட்டுத்தான் வாங்கினார். அவள் அவரை இரண்டு தடவை சொல்லவைத்தாள்.

கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

"ஒனக்கென்ன, வாய்ல கொழுக்கட்டையா? சொல்லு."

அம்மாவின் பெயரை ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறேன், இடுகாட்டு ஆபீசில் சொல்லியிருக்கிறேன். இப்படி அம்மாவுக்காக ஒரு தடவையும் சொன்னதில்லை. பெற்றவளைப் பேர் சொல்லி எவன் கூப்பிடுவான்?

சொன்னேன்.

"கேக்கல."

காற்றுக்கு மேலே சத்தமாகச் சொன்னேன். அக்கா குண்டானின் அடியை வழித்து, கிண்ணத்தில் போட்டு, என் கையில் கொடுத்தாள்.