வாசகர்களைக் களையெடுத்த தலையங்கம்

“இந்த ஊர்ல எவனுக்கும் படிக்கத் தெரியாது. கட்டைவிரலால தள்ளத்தான் தெரியும்.”

பல் துலக்கும்போது வாய் நிறைய நுரையோடு இதைச் சொல்வார். முடிவெட்டிக்கொள்ளும்போது கண்ணாடியைப் பார்த்துச் சொல்வார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு, “சார், கதவு திறக்கல சார், வேர்த்துக் கொட்டுது சார்” என்று போனில் கதறுகிறவரிடமும் சொல்வார்: “பதறாதீங்க. உள்ள ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கே, படிச்சீங்களா? படிச்சிருக்க மாட்டீங்க. இந்த ஊர்ல எவனுக்கும்…”

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் புகார் எடுக்கும் மேசை அவருடையது. ‘தலையங்கம்’ என்று அங்கே அவருக்குப் பெயர். கிண்டல் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் மட்டும் அதைப் பட்டமாக வாங்கி மார்பில் குத்திக்கொண்டுவிட்டார்.

வாரம் முழுக்க ஊரார் புகாரைக் கேட்பவர், சனிக்கிழமை தன் புகாரை எழுதி மின்னஞ்சலில் ஊருக்கு அனுப்பினார். ‘கம்பியும் கொடியும்’ என்பது அந்த மடலின் பெயர். தொழில்நுட்பமும் அரசியலும். செல்போன் கோபுரத்தில் ஏறினால் சாம்ராஜ்யங்களின் வீழ்ச்சியில்தான் இறங்குவார். நடுவில் வாசகர் மூச்சுவிட இடம் கிடையாது. “அமைச்சரே! உமது கைக்கடிகாரம் உம்மையே வேவு பார்க்கிறது, அறிவீரா?” என்று முழங்குவார். அமைச்சருக்கு அந்த மடல் போவதில்லை. பள்ளித்தோழரான பல் டாக்டருக்குப் போனது, மனைவிக்குப் போனது, பழைய சிநேகிதர் சிலருக்குப் போனது, கேட்காமலே சேர்க்கப்பட்ட அலுவலகத்தார் அத்தனை பேருக்கும் போனது. யாராவது ஒருத்தர் கடைசி வரி வரைக்கும் படித்துவிட வேண்டும். மனிதருக்கு அது ஒன்றுதான் ஏக்கம். மற்றதெல்லாம் சும்மா சத்தம்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு அறிவித்தார்.

“மொத்தமா இடிச்சுக் கட்டப் போறேன்.”

துணி தேய்த்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தார். அவர் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர்; எதையும் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொள்வது தொழில் பழக்கம். “எதை? குளியலறையவா?”

“மடலை! இனிமே பேரு ‘மின்கண்’. புதுச் சின்னம், புது அமைப்பு, எல்லாம் புதுசு.”

“நல்லது. குளியலறையும் ஒழுகுது.”

சின்னத்தை அவரே வரைந்திருந்தார்: சுவரிலுள்ள ப்ளக் பாயிண்ட், அதற்குள் ஒரு கண். மனைவி கிட்டே வந்து பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார்.

“ஏங்க, பன்னி மூக்கு மாதிரி இருக்கு.”

“உனக்கெல்லாம் கலைன்னா என்னன்னு தெரியுமா?”

“பன்னி தெரியும்.”

மேதைகள் குடும்பத்தில் படும் பாடு இது என்று அவர் ஒரு பெருமூச்சு விட்டார். மூக்கு அப்படியே இருந்தது.

மடலை அனுப்பப் புதிய சேவை ஒன்றில் சேர்ந்து, ஒத்திகையாக ஓர் இதழை அனுப்பினார். பழைய முறையில் அனுப்பினோமா, போனதா என்பதோடு சரி. இந்தச் சேவையோ யார் திறந்தார், எந்த இணைப்பை அழுத்தினார் என்று ஆள்வாரியாகக் காட்டியது. தலையங்கம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

பல் டாக்டர்: திறக்கவில்லை. பழைய சிநேகிதர்கள்: திறக்கவில்லை. மனைவி: திறக்கவில்லை. ‘அப்படியா சேதி’ என்று முகம் கறுத்தது.

அதற்கடுத்த பெயரைப் பார்த்ததும் வெளுத்தது. கம்பெனி இயக்குநர்! அனுப்பிய கையோடு திறந்திருக்கிறார். உள்ளே இருந்த ஒவ்வொரு இணைப்பையும், கடைக்கோடியில் இருந்த கோபுரக் கதிர்வீச்சு அறிக்கை உட்பட, ஒன்று விடாமல் அழுத்தியிருக்கிறார். அதுவும் ஒரே நொடியில். மற்ற அலுவலகத்தாரும் அப்படியே.

லிஃப்ட் தானாக மேலும் கீழும் போகிறது என்று ஒருவர் சொன்னால், “தானா எப்படிப் போகும்? நீங்க எதை அழுத்தினீங்க?” என்று குறுக்குக் கேள்வியால் துளைக்கிறவர் இவர். தன் விஷயத்தில் கேள்வியே எழவில்லை. ‘மனுஷன் என் எழுத்துக்காகத் தவம் கிடந்திருக்கார்’ என்று நெஞ்சு விம்மிவிட்டது.

அன்றிலிருந்து நடையே மாறியது. இஸ்திரி கலையாத சட்டை. படிக்கட்டில் இயக்குநர் எதிர்ப்பட்டால் இருவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் போல ஒரு தலையசைப்பு. யாரிவன் என்று தெரியாமல் அவரும் பாவம் தலையசைத்து வைத்தார். சனிக்கிழமை மடல் திங்கட்கிழமைக்கு மாறியது. பெரிய மனிதர்கள் திங்கட்கிழமை காலையில்தான் சிந்திப்பார்களாம்.

புதிய ‘மின்கண்’ வெளியான திங்களன்று, காலைக் காப்பியோடு களையெடுப்பு நடந்தது. திறக்காதவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு மடல்: “சோம்பேறிகளே! உங்களுக்காக இந்தக் கண் இனி இமைக்காது. போய் நாய்க்குட்டி வீடியோ பாருங்கள். இப்படிக்கு, ஆசிரியர்.” அனுப்பினார். அத்தனை பேரையும் நீக்கினார், மனைவி உட்பட. பாசத்துக்கு முன்னால் கொள்கை வளையக்கூடாதல்லவா? மிச்சமிருந்தவர்களுக்குப் புது இதழை அனுப்பிவிட்டு, அலுவலகம் போய் நேராக இயக்குநர் அறைக் கதவைத் தட்டினார்.

“சார், காலைல படிச்சிருப்பீங்க. எப்படி இருந்துச்சு?”

“எது? அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் கேஸா? இன்னும் சரியாகலயா?”

“இல்ல சார்… ‘மின்கண்’. எல்லா இணைப்பையும் பாத்திருந்தீங்களே.”

இயக்குநருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தன் கணினியில் ஏதோ கோளாறு என்று பயந்துபோய்க் கணினிப் பிரிவுப் பெண்ணைக் கூப்பிட்டார். அவள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு சொன்னாள்: “அது மெஷின் சார். வைரஸ் இருக்கான்னு உள்ள வர்ற எல்லா மெயிலையும் அதுவே திறந்து, எல்லா லிங்க்கையும் அழுத்திப் பாக்கும். உங்க லெட்டர்னு இல்ல, செருப்பு விளம்பரம் வந்தாலும் பாக்கும்.”

“அப்போ சார் பாக்கலயா?”

“யோவ், எனக்கு உன் பேரே தெரியாதுய்யா,” என்றார் இயக்குநர். கோபமாகக்கூட இல்லை.

சாயங்காலம் தலையங்கம் வீடு திரும்பியபோது, சாப்பாட்டு மேசையில் பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். கிளினிக்கை மூடிவிட்டு நேரே வந்திருக்கிறார். மருந்து நெடி கூடவே வந்திருந்தது. எதிரே மனைவி.

“வாங்க ஆசிரியரே,” என்றார் டாக்டர். “ஏன்டா, நான் சோம்பேறியா? ஊசி போட்டுட்டு பேஷண்டுக்கு வாய் மரத்துப்போற வரைக்கும் உன் மடலத்தான்டா படிப்பேன். சில நாள் பேஷண்டுக்குச் சத்தமா படிச்சுக் காட்டுவேன். ஊசியே போட்டிருக்க வேணாமோன்னு தோணும்.”

“பொய். நீ திறக்கவே இல்ல. எனக்குத் தெரியும்.”

“எப்படிடா தெரியும்?”

“சேவைல காட்டுது.”

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அட அறிவுக்கொழுந்தே! மெயில்ல வர்ற படம் தெரிஞ்சாத்தான் திறந்தது அனுப்பினவனுக்குத் தெரியும், அதான் உளவு, படத்தையெல்லாம் அணைச்சு வைங்கன்னு எழுதுனது யாரு? வாராவாரம் எழுதுன! கேட்டோம், அணைச்சோம். உன் பேச்சக் கேட்டவன் எவனும் உன் கணக்குல வரமாட்டான்டா!”

“நானும் அணைச்சிட்டேங்க,” என்றார் மனைவி. “பஸ்ல போகும்போது கடைசி வரி வரைக்கும் படிப்பேன். ஒரே பத்தி ரெண்டு தடவ வந்திருக்குன்னு அன்னிக்குச் சொன்னேனே, படிக்காம எப்படிச் சொல்லுவேன்?”

தலையங்கம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷமாகத் தேடிய வாசகர்கள் இவர்கள்தான். காலையில் இவர்களைத்தான் வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தார்.

“சரி விடு,” என்று டாக்டர் இறங்கி வந்தார். “திரும்பச் சேத்துக்க. ‘தப்பா நெனச்சிட்டேன், மன்னிச்சிருங்க’ன்னு ஒரு வரி எழுது, போதும். கோவத்துல இருக்கிறவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்.”

“எனக்கு எழுதக்கூட வேணாம்,” என்றார் மனைவி. “வாயாலயே சொல்லிடுங்க.” மடிக்கணினியை அவர் பக்கமாக மெல்லத் திருப்பி வைத்தார்.

தலையங்கம் உட்கார்ந்தார். ‘தப்பா’ என்று தட்டினார். அழித்தார். மறுபடியும் தட்டினார். டாக்டரின் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு அரும்பியது. அதைப் பார்த்ததுதான் தாமதம், மடிக்கணினியைப் பட்டென்று மூடிவிட்டு எழுந்தார்.

“மெஷினா இருந்தா என்னடா? ஒரு வரி விடாம பாக்குது, எல்லா லிங்க்கையும் அழுத்துது, பன்னி மூக்குன்னு சொல்லல, பத்தி ரெண்டு தடவ வந்திருக்குன்னு சொல்லல, சாயங்காலம் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேளுன்னு உக்காந்திருக்கல. உங்கள மாதிரி ஆளுங்களுக்கு எழுதறதுக்கு, அந்த மெஷினுக்கே எழுதிட்டுப் போறேன், போங்க!”