சீட்டில் சிறுத்த எண்கள்

சட்டையின் முன்பட்டியில் ஒட்டிப் பிரியும் வெல்க்ரோ நாடாவைத் தங்கையின் கைகள் பொருத்தித் தைக்கின்றன. பொத்தான் துளைகளைத் தைத்து மூடி, அவற்றின் மேலேயே பார்வைக்கு ஆறு பொத்தான்கள். வெளியே சாதாரணச் சட்டை. ஒரு கையால் இழுத்தால் திறந்துகொள்ளும்.

அண்ணனுக்கான சட்டை இது. பதினாறு வருடமாக அவன் வெட்டுவான், தங்கை தைப்பாள். துணியோடு அளவுச் சீட்டும் போகும். தைத்து முடித்ததை, அந்தச் சீட்டை எழுதாதவர் படித்து, டேப் வைத்துச் சரிபார்த்த பிறகே கொடுப்பது கடை வழக்கம்.

மூன்று வருடம் முன்பு அண்ணனின் சீட்டுகளில் எண்கள் சிறுத்தன. பதினாறரையைப் பதினைந்தரை என்று படித்துத் தைத்துவிட்டாள். வாடிக்கையாளருக்குக் கழுத்து நெரிந்தது.

"என்னண்ணா, மையை மிச்சம் பிடிக்கிறியா? பூதக்கண்ணாடியும் சேத்து வாங்கிக் குடு!"

அவனும் சிரித்தான். சில மாதத்தில் வலது கை நடுங்கத் தொடங்கியது. வயது முப்பத்தெட்டு.

பார்க்கின்சன் என்றார் மருத்துவர். எழுத்து சிறுத்ததும் அதனால்தான்.

"எங்க ரெண்டு பக்கமும் யாருக்கும் இல்லையே," என்று அம்மா அடித்துச் சொன்னாள். அப்படியானால் பரம்பரை இல்லை என்றே வீட்டில் எல்லோரும் நம்பினார்கள்.

"அறுபது தாண்டி வர்றது பெரும்பாலும் பரம்பரை இல்லம்மா. இதுதான் காரணம்னு ஒண்ணைக் காட்ட முடியாது. இந்த வயசுல வந்தா மரபணுவையும் பாத்துடணும்," என்றார் மருத்துவர்.

பார்த்தார்கள். அப்பாவிடமும் அம்மாவிடமும் ஒரே மரபணுவில் பழுதான பிரதி ஒவ்வொன்று இருந்தது. நல்ல பிரதியும் கூடவே இருந்ததால் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மகனுக்கு வந்து சேர்ந்தவை இரண்டுமே பழுது.

"தங்கச்சிக்கு?" என்றான் அண்ணன்.

"நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. பரிசோதனை பண்ணிக்கலாம்."

"மீதி மூணு பங்கு என் பக்கம் இருக்கே, போதும்," என்று அவள் எழுந்துவிட்டாள்.

எழுபது வயது அம்மாதான் இன்றும் கடையில் ஊசிக்கு நூல் கோத்துத் தருவாள், ஒரே முயற்சியில். "பாழாப்போன என் கை ஏன் ஆடமாட்டேங்குது?" என்று ஒருநாள் ஊசியைப் பார்த்துக் கேட்டாள்.

பிசிறு நூல்களை வெட்டி, இந்த முறை தானே எழுதிய அளவுச் சீட்டைக் குத்தி, தங்கை சட்டையை நீட்டினாள்.

"இனி காலைல பட்டன் போட அண்ணியைக் கூப்பிட வேணாம்."

"அவ நிம்மதியா காப்பி குடிக்கட்டும்," என்று சிரித்தபடி அவன் வழக்கப்படி சீட்டை எடுத்தான். ஜன்னலருகே போனான். நடுங்கும் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு படித்தான். கழுத்தளவு தெளிவாக இருந்தது. தோள் அதைவிடச் சின்னது. கடைசியில் கையின் நீளம், எறும்பளவு.

நிமிர்ந்தான்.

"மையை மிச்சம் பிடிச்சேண்ணா," என்றாள்.

அவனுக்குச் சிரிக்க வரவில்லை. டேப்பை எடுத்துக் கழுத்து, தோள், கை என்று ஒவ்வொன்றாக, வெகுநேரம் அளந்தான்.

"அளவு எல்லாம் சரிம்மா," என்று சட்டையை வாங்கிக்கொண்டான்.